மெர்வின் கையில் இருக்கும் துப்பாக்கி

இந்த ஷெரீஃப் அலுவலகத்துக் காப்பி ஊரார் சொல்லும் அளவுக்கு மோசமில்லை. இரண்டாவது கோப்பையில் இருக்கிறேன். டெபுடி கெய்லா மஞ்சள் தாள் கட்டு ஒன்றையும் பேனாவையும் என் முன்னால் வைத்து, "நடந்ததை உங்க வார்த்தையிலேயே எழுதிடுங்க, மிஸ்டர் ஓட்டிஸ். அவசரமில்ல. பெருசு பண்ணாம எழுதினா போதும்" என்றாள். பெருசு பண்ணுவது என் வழக்கமல்ல. எழுபத்து நாலு வருட வாழ்க்கையில் மொத்தம் மூன்றே முறைதான் மிகைப்படுத்தியிருக்கிறேன். அதில் இரண்டு மீன் சம்பந்தப்பட்டவை.

என் பெயர் ஓட்டிஸ் ஹான்கமர். வயோமிங் மாநிலம், ஆன்ட்லர் ஃபோர்க். முப்பத்தெட்டு வருடம் பல் செட் செய்து பிழைத்தேன். மருத்துவர் பிடுங்குவார்; பிடுங்கிய இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்பது என் பாடு. இந்த ஊரில் இன்றைக்கும் பாதிப் பேர் என் தயவில்தான் சிரிக்கிறார்கள். கெய்லாவின் அப்பா ஷெரீஃபாக இருந்தபோது குற்றவாளிகளைப் பார்த்து நறநறவென்று கடித்த பற்கள் என்னுடையவை.

நல்ல பல் செட் வெள்ளையாக இருக்கக் கூடாது. கற்றுக்குட்டிகள் அங்கேதான் கோட்டை விடுவார்கள். அறுபது வயதுக்காரனுக்கு அறுபது வருடக் காப்பிக் கறை வேண்டும். புகையிலை மெல்லுகிறவனுக்கு அவன் அடக்கிக்கொள்ளும் பக்கம் ஒரு பழுப்பு வேண்டும். முன்பல் ஒன்று கொஞ்சம் கோணியிருக்க வேண்டும். அப்படிச் செய்து மாட்டிவிட்டால் பெண்டாட்டிக்கே தெரியாது. வேலை முடிந்ததும் ஈறு பதியும் உள்பக்கத்தில் குண்டூசித் தலை அளவுக்கு இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி வைப்பேன். அது என் கையெழுத்து. அசல் பல் வலித்தது, நகல் வலிக்கவில்லை. என் தத்துவம் முழுவதும் இந்த ஒரு வரிதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படித்தால் என் மேல் கோபம் வராது.

மெர்வின் ஸ்டாடர்ட் என் நண்பன். மாட்டுப் பண்ணைக்காரன். நாங்கள் இருவரும் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் நாற்பது வருட உறுப்பினர்கள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளின் உடையில் வந்து இரும்புத் தட்டுகளைச் சுடுவோம். அங்கே சொந்தப் பெயருக்கு மரியாதை இல்லை, ஆளுக்கொரு பட்டப்பெயர். மெர்வின் நீதிபதி. பாதிரியார் கில்ராய்க்குப் பாவி என்று பெயர், அவரே வைத்துக்கொண்டது. எனக்கு மக்கரோனி, இத்தாலிக்காரர்கள் வேகவைத்துத் தின்னும் சேமியா வகை. அது நான் வைத்துக்கொண்டதல்ல.

மெர்வினிடம் இருந்தது கோல்ட் கம்பெனியின் அசல் ரிவால்வர், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்றில் செய்தது. அவனுடைய கொள்ளுத்தாத்தா இடுப்பில் இருந்தது. என்னிடம் இருந்தது அதே துப்பாக்கியின் நகல், இத்தாலியில் செய்து வந்தது. நகல் நேராகச் சுடும், உடைந்தால் உதிரிபாகம் தபாலில் வரும், மழையில் நனைந்தால் மனது பதறாது. அசலுக்கு இந்த மூன்றும் கிடையாது. ஆனால் நான் உறையிலிருந்து எடுக்கும்போதெல்லாம் மெர்வின் சங்கமே கேட்கும்படி, "டேய் மக்கரோனி, தண்ணி கொதிச்சாச்சா? உப்புப் போட்டியா?" என்பான். நாற்பது வருடம், மாதம் ஒருமுறை, ஒரே நகைச்சுவை. பாவி ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அதற்குப் பிறகு கொள்ளுத்தாத்தா கதை வரும். நான் முதலில் கேட்டபோது அவர் அந்தத் துப்பாக்கியால் இரண்டு மாட்டுத் திருடர்களை விரட்டினார். தொண்ணூறுகளில் திருடர்கள் ஐந்து பேர் ஆனார்கள். போன வருடம் பதினோரு பேரும் ஒரு ரயிலும். விலாவில் பாய்ந்த குண்டை மருத்துவர் தோண்டி எடுத்தபோது வலி தாங்காமல் துப்பாக்கியின் கைப்பிடியையே கடித்தாராம். இது மட்டும் பொய்யில்லை. வாதுமை மரக் கைப்பிடியில் பல் தடம் இருந்தது. நான் பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். கீழ் வரிசையில் இடது கோரைப்பல் அவருக்கு இல்லை.

இனி எங்கள் சங்கத்து விதி ஒன்றைச் சொல்ல வேண்டும், வழக்கே அதில்தான் இருக்கிறது. அந்தத் துப்பாக்கியில் ஆறு அறை. நாங்கள் ஐந்தில்தான் குண்டு போடுவோம். ஒன்று போடு, ஒன்றை விடு, நாலு போடு. பிறகு சுத்தியலைக் காலி அறை மேல் தூங்கவிடு. பழைய ரகம், லேசாகத் தட்டினாலே வெடிக்கும். சுட்டு முடித்ததும் காலி மேசைக்குப் போய், துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, ஆறு அறையையும் சுற்றி இன்னொருவர் கண்ணுக்குக் காட்ட வேண்டும். காட்டாமல் எந்தத் துப்பாக்கியும் எந்தப் பெட்டிக்குள்ளும் போகக் கூடாது. கடவுளை நம்பாதவர்கள் எங்கள் சங்கத்தில் உண்டு. இந்த விதியை நம்பாதவர் கிடையாது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மெர்வினுக்குச் சோம்பல் வந்தது. அந்த வயதுத் துப்பாக்கிக்குக் கரிமருந்துதான் பொருந்தும். கரிமருந்து சுட்டால் அன்றைக்கே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். அவன் கழுவ அலுத்துக்கொண்டு, கடையில் விற்கும் புகையில்லாத மருந்துக் குண்டுகளைப் போட ஆரம்பித்தான். அதன் வேகத்தை அந்தக் கிழட்டு இரும்பு தாங்காது, என்றைக்காவது ஒரு நாள் கையிலேயே பிளக்கும் என்று சொன்னேன்.

"எங்க கொள்ளுத்தாத்தா எட்டுப் பேரைச் சமாளிச்சது இது. கடைக்குண்டு என்னடா பண்ணும்? நீ போய் உன் சேமியாவைக் கிண்டு" என்றான்.

ஒரு நண்பன் விரலை இழப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க முடியுமா? ஆகவே அந்தக் குளிர்காலத்தில் அவனிடம், "கொடு, நானே கழுவி எண்ணெய் போட்டுத் தர்றேன்" என்று வாங்கி வந்து, பல்லுக்கு அச்சு எடுக்கும் மாவிலேயே அச்சு எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு இத்தாலிய நகல் வாங்கினேன். வினிகரில் ஊறப்போட்டேன். காப்பியில் குளிப்பாட்டினேன். பல் செட் கழுவும் மாத்திரையை நுரைக்க விட்டு அதில் ஒரு வாரம் தூங்கவைத்தேன். உறையில் உரசிய தேய்மானம் வர வேண்டுமே, அதற்காக மூன்று வாரம் சமையலறையில் நடந்துகொண்டே நாலாயிரம் முறை உருவிச் சொருகினேன். பூனை பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது. கைப்பிடியில் கொள்ளுத்தாத்தாவின் பல் தடத்தை, கோரைப்பல் இல்லாத இடம் உட்பட, அப்படியே இறக்கினேன். என் வாழ்நாளின் சிறந்த வேலை அதுதான். கைப்பிடிப் பலகையின் உள்பக்கத்தில் இளஞ்சிவப்புப் புள்ளி ஒன்று வைத்தேன். துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணைப் பற்றி வக்கீல் வரும்வரை எதுவும் எழுத வேண்டாம் என்கிறாள், நான் எழுத எழுத எட்டிப் படித்துக்கொண்டிருக்கும் கெய்லா. எழுதவில்லை.

மே மாதச் சுடுகை முடிந்து சாப்பாட்டு மேசையில் மெர்வின் பீச் பழக் கோப்ளர் பலகாரத்தை மூன்றாவது முறை போட்டுக்கொண்டிருந்தபோது உறையிலிருந்ததை மாற்றினேன். அவன் கவனம் முழுவதும் கரண்டியில் இருந்தது.

ஜூன் மாதம் மெர்வின் ஒரு தட்டு விடாமல் அடித்துக் கோப்பை வாங்கினான். அவனுடைய அசல் எப்போதும் அரை முழம் இடப்பக்கம் இழுக்கும். என் நகல் இழுக்கவில்லை. கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து, "பாத்தியா மக்கரோனி? எந்த நகலாவது இப்படிப் பேசுமாடா?" என்றான். நான் தொப்பியைக் கழற்றி வணங்கினேன். அன்றைக்குச் சிரிப்பை அடக்கியதில் எனக்கு இடது விலாவில் பிடித்துக்கொண்டது, இன்னும் மழை நாட்களில் வலிக்கிறது.

அசலை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பாதுகாத்தேன். என் பழைய பட்டறையில் வாடிக்கையாளர்களின் பல் அச்சுகள் அட்டைப்பெட்டிகளில் வரிசையாக இருக்கின்றன. 'மெர்வின் ஸ்டாடர்ட், மேல்தாடை' என்று எழுதிய பெட்டியில் அச்சுக்கு அடியில் துணி சுற்றி வைத்தேன். தன்னுடைய மேல்தாடையைத் தானே எடுத்துப் பார்க்கும் மனிதனை நான் பார்த்ததில்லை. ஜூலையில் பல் செட் லேசாகக் கடிக்கிறது என்று மெர்வின் இடுப்பில் உறையோடு வந்து பட்டறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே ராவிக்கொண்டிருந்தேன். அவனுடைய துப்பாக்கி அவன் தலைக்கு மேல் அலமாரியில் இருக்க, அவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்ததை நினைத்து எத்தனையோ இரவு தலையணையைக் கடித்துச் சிரித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் முதல் அவன் குறி மறுபடி இடப்பக்கம் போனது. வயதாகிறது, கண் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். என் நகலும் கடைக்குண்டில் தேய்ந்திருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு மாதமும் அவன் தட்டைத் தவறவிட்டுத் திரும்பி, என் கண்ணைப் பார்த்து, "எந்த நகலாவது இப்படிப் பேசுமாடா?" என்று கேட்பான். கேட்டுவிட்டு அவனே விழுந்து விழுந்து சிரிப்பான். நானும் சிரிப்பேன். ஒன்பது வருடம் நாங்கள் அப்படிச் சிரித்தோம். எங்களைவிட மகிழ்ச்சியான இரண்டு கிழவர்கள் ராக்கி மலைக்கு இந்தப் பக்கம் இருந்ததில்லை.

இந்த மார்ச்சில் அவன் இதயம் நின்றுபோவதற்கு இரண்டு நாள் முன்னால் மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சத்தியம் பண்ணு மக்கரோனி. என்னைப் பொதைக்கும்போது கொள்ளுத்தாத்தாவோடது என் கையில இருக்கணும். நீதான் வைக்கணும். வேற யாரும் தொடக் கூடாது."

"சத்தியம்."

"அசலை."

"அசலைத்தான்டா."

அவன் இருமும்வரை சிரித்தான். மனைவி டார்லீன் வந்து முதுகைத் தடவிவிட்டு, "சாகப்போற நேரத்துல ரெண்டு பேருக்கும் என்ன அப்படி ஒரு சிரிப்பு?" என்று கடிந்துகொண்டாள்.

அவன் போன மறுநாள் டார்லீன் உறையோடு துப்பாக்கியைக் கொண்டுவந்து என் சமையலறை மேசையில் வைத்தாள். "நல்லா சுத்தம் பண்ணி நீயே வைப்பியாம். மூணு தடவை சொல்லிட்டுப் போனார்" என்றாள்.

அவள் போனபிறகு மேல்தாடைப் பெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். இங்கே நான் எவ்வளவு நியாயமாக யோசித்தேன் என்பதை நீதிமன்றம் கவனிக்க வேண்டும். அசலை மண்ணில் போட்டால் இரண்டே வருடத்தில் துரு தின்றுவிடும். ஒரு சரித்திரத்தைப் புதைப்பது கொலைக்குக் கொஞ்சம்தான் குறைவு. நகலைப் போட்டால் யாருக்கும் நட்டமில்லை. மேலும் மெர்வின் ஒன்பது வருடம் அந்த நகலைத்தான் அசல் என்று கட்டிக்கொண்டு அழுதான். இறந்தவனுடைய நம்பிக்கையைக் குலைக்க நான் யார்? தவிர, செத்தவனுக்குத் துப்பாக்கி இடப்பக்கம் இழுத்தால் என்ன, வலப்பக்கம் இழுத்தால் என்ன. இப்படியெல்லாம் நாலு பக்கமும் பார்த்து, டார்லீன் கொண்டுவந்ததையே அவன் கையில் வைத்தேன். பெட்டி சாதாரண பைன் மரம், அவன் கேட்டுக்கொண்டபடி. பாவி ஜெபம் சொன்னார். சங்கத்தார் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பண்ணை மேட்டில், தரை இன்னும் பாதி உறைந்திருந்ததால் நாலடிதான் தோண்ட முடிந்தது.

துப்பாக்கியை நான் சுத்தம் செய்யவில்லை. நான் செய்த பண்டம்தானே, அதற்கென்ன சடங்கு என்று விட்டுவிட்டேன். இந்த முழு விவகாரத்திலும் என் தவறு என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒன்றைத்தான்.

ஐந்து வாரம் கழித்து, போன வியாழக்கிழமை, மேல்தாடைப் பெட்டியிலிருந்து அசலை எடுத்தேன். நாற்பது வருடம் என்னைச் சேமியா கிண்டச் சொன்ன துப்பாக்கி இப்போது என் மேசை மேல். எண்ணெய் போடலாம் என்று கைப்பிடித் திருகைக் கழற்றினேன். பலகையின் உள்பக்கத்தில் இளஞ்சிவப்புப் புள்ளி இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். காப்பி போட்டேன். காப்பியைக் குடிக்காமல் மறுபடி புள்ளியைப் பார்த்தேன். என் கண்ணிலிருந்து என் புள்ளி தப்பாது. அப்படியானால் என்றைக்கோ ஒரு நாள் மெர்வின் திருப்பி மாற்றியிருக்கிறான். அப்படியானால் மண்ணுக்குள் அவன் கையில் இருப்பது அசல். அப்படியானால் நான் செய்த சத்தியம், என் பங்கு எதுவும் இல்லாமலே, ஒரு குறையும் இல்லாமல் நிறைவேறியிருந்தது. சாதாரண மனிதன் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு காப்பியைக் குடித்திருப்பான்.

ஆனால் எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அந்தத் துப்பாக்கியைக் காலி மேசையில் காட்டவில்லை. கதவைத் திறந்து ஆறு அறையும் சுற்றாமல் ஒரு பெட்டிக்குள் வைத்துவிட்டோம். சங்கம் தொடங்கிய நாள் முதல் நடக்காத தவறு. ஒரு மனிதன் நிம்மதியாகத் தூங்கும் இடத்தில், மார்பின் மேல், குண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத துப்பாக்கி. கெய்லா குறுக்கிட்டு, இந்தப் பாதுகாப்புக் கவலை வந்தது புள்ளியைப் பார்ப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டாள். பின்னால்தான். ஆனால் உடனே அல்ல, ஒரு நிமிடமாவது கழித்துதான்.

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குப் போனேன். திருடன் இருட்டில் போவான். நான் வெயிலில் போனேன், இதையும் குறித்துக்கொள்ள வேண்டும். குட்டிப் பொக்லைன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டேன். ஆரஞ்சுச் சட்டை போட்ட கிழவனை இந்த நாட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் வண்டியை நிறுத்தி, "என்ன ஓட்டிஸ், குழாய் உடைஞ்சுபோச்சா?" என்றார்.

"ஒரு சின்னக் கசிவுதான்" என்றேன்.

"மெர்வின் உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான், எதையும் சரியா மூடமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேல் மண்ணைப் பொக்லைனாலும், கடைசி ஓரடியைக் கையாலும் எடுத்தேன். நண்பன் மேல் இயந்திரத்தை இறக்க மனம் வரவில்லை. மூடியின் ஆணிகளைப் பதமாக நெம்பினேன். மெர்வின் நன்றாகத்தான் இருந்தான். குளிர்ந்த தரை, உடலைப் பதப்படுத்தியவர்களும் நல்ல வேலைக்காரர்கள். நீதிபதியின் கறுப்புக் கோட்டு கசங்கவில்லை. மேல்செட்டு மட்டும் கொஞ்சம் நழுவியிருந்தது. கட்டைவிரலால் அழுத்தி அதன் இடத்தில் உட்காரவைத்தேன். முப்பத்தெட்டு வருடத் தொழில் தர்மம், பார்த்துவிட்டுச் சும்மா வர முடியவில்லை.

பிறகு துப்பாக்கியை எடுத்தேன், விதிப்படி வாயை மண்ணைப் பார்க்கப் பிடித்து, கதவைத் திறந்து சுற்றினேன். ஒன்று காலி. இரண்டு காலி. மூன்று, நாலு, ஐந்து காலி. ஆறாவது அறையில், எப்போதும் எதுவும் போடாத அறையில், சுருட்டிய காகிதம் ஒன்று இருந்தது.

மெர்வின் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். அது இப்போது உங்கள் மேசையில் சாட்சியமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

'மக்கரோனி, நீ வருவேன்னு தெரியும். கெழவனோட துப்பாக்கி நேரா சுட்ட அன்னிக்கே இது அவனோடது இல்லைன்னு கண்டுக்கிட்டேன். ஜூலைல உன் பட்டறைல உக்காந்திருந்தப்ப, என் மேல்தாடையைப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு. பாத்தேன். மாத்திக்கிட்டேன். அதுக்கப்புறம் உன் மூஞ்சிக்காகவே ஒவ்வொரு மாசமும் வந்தேன். ஒண்ணு சொல்லணும், உயிரோட இருக்கும்போது சொன்னா உனக்குத் தலை கனத்துடும். அந்தப் பல் தடம் பிரமாதம்டா. கெழவனே ஏமாந்திருப்பான். உன்ன மாதிரி வேலைக்காரன் இந்த மாநிலத்துலயே இல்ல. இப்ப அதைத் திருப்பி என் கையில வச்சுட்டு, மண்ணை ஒழுங்கா மூடிட்டு, வீட்டுக்குப் போ.'

நாற்பது வருடத்தில் அவன் என்னைப் பாராட்டியது அது ஒரே முறை. பெட்டி விளிம்பில் உட்கார்ந்து மூன்று முறை படித்தேன். புல்வெளிக் குருவி ஒன்று வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. நான் அழுதேன் என்று டார்லீன் சொல்லியிருப்பாள். காற்றில் மண் பறந்தது.

திருப்புளி என்னிடம் இருந்தது. கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தேன், புள்ளி இல்லை. நூற்று நாற்பது வருட மரம், உள்ளே பென்சிலில் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எழுத்துகள். அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் கெய்லா மறுபடி குறுக்கிட்டு, "ஆறு அறையும் காலியான்னு பாக்கத்தானே போனீங்க? அப்போ அந்த நகலை எதுக்கு இடுப்புல சொருகிட்டுப் போனீங்க, மிஸ்டர் ஓட்டிஸ்?" என்று கேட்டாள். நாற்பது வருடம் இடுப்பில் ஒன்றரைச் சேர் இரும்பைத் தொங்கவிட்டவனுக்கு அது இல்லாமல் நடந்தால் ஒரு பக்கம் சாயும். திருப்புளி எதற்கு என்றும் கேட்டாள். காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டேன்.

டார்லீன் வந்தபோது நான் மூடிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் மெர்வினைத் திட்டுவதற்கு அவள் அங்கே வருவாளாம், எனக்குத் தெரியாது. கையில் சூடான குடுவையும் இரண்டு கோப்பைகளும் இருந்தன. பொக்லைனைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை.

"ஒரு மாசத்துல வருவான்னு அவர் சொன்னார். ரெண்டே வாரம்னு நான் சொன்னேன். அஞ்சு வாரம் பண்ணிட்டியே ஓட்டிஸ், ரெண்டு பேரையும் தோக்கடிச்சுட்ட" என்றாள்.

"காலி மேசையில காட்டாம வச்சுட்டோம் டார்லீன். அதான்."

"ஆமாமா. கடுதாசியைப் படிச்சியா?"

"படிச்சேன்."

"எழுதும்போது எப்படிச் சிரிச்சார் தெரியுமா. நர்ஸ் ஓடி வந்துட்டா." குழி விளிம்பில் உட்கார்ந்து எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினாள். "படிச்சதும் ஓட்டிஸ் கண்ணுல தண்ணி வந்துடும், அப்புறம் பத்திரமா மூடிட்டுப் போயிடுவான், அவன் நல்லவன்னு சொன்னார். சரி, மூடிடலாம். நானும் ஒரு கை மண்ணு அள்ளிப் போடறேன்."

கோப்பையை வாங்கக் குனிந்தேன். என் ஆரஞ்சுச் சட்டை மேலே ஏறியது. அவள் என் இடுப்பைப் பார்த்தாள். கைப்பிடியில் பல் தடம். பழைய துப்பாக்கி, ஒரு ஐம்பது வருடம் அவள் வீட்டுச் சுவரில் தொங்கியது.

"ஓட்டிஸ், அவர் கையில எது இருக்கு?"

நான் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

"படிச்சப்புறமா மாத்தின?"

"படிச்சப்புறம்தான்."

அவள் கோப்பையைக் கவிழ்த்து மண்ணில் ஊற்றினாள். பிறகு, "எல்லாத்தையும் சரியாக் கணிச்ச மனுஷன், ஒண்ணுல மட்டும் கோட்டை விட்டுட்டார்" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியை எடுத்துக் கெய்லாவை அழைத்தாள். அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. கோபித்திருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன்.

கெய்லா வரும்வரை நான் ஓடவில்லை. மிச்ச ஆணிகளை அடித்து, மண் தள்ளி, பொக்லைனால் மேட்டைச் சமன் செய்து, புல் பத்தைகளை முன்பிருந்த மாதிரியே பதித்தேன். பார்த்தால் தோண்டிய இடம் என்று தெரியாது. மண்ணை ஒழுங்காக மூடச் சொல்லி எழுதியிருந்தான், ஒழுங்காக மூடினேன். வீட்டுக்குப் போகச் சொல்லியிருந்தான், அது மட்டும் முடியவில்லை, அதற்குக் காரணம் நானல்ல.

மிச்சம் ஒன்றுதான், அதில் எனக்கு மனக்கலக்கம் இல்லை. அது பிரமாதம் என்று மெர்வினே தன் கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறான். பிரமாதமானதை நண்பனுக்குக் கொடுத்துவிட்டு, இடப்பக்கம் இழுக்கும் பழைய இரும்பை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். இதற்குப் போய் ஏன் கெய்லா தாளின் தலைப்பில் திருட்டு என்று எழுதியிருக்கிறாள் என்றுதான் இரண்டு கோப்பைக் காப்பியாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.